ஹோம் விசிட் போகும் நர்சிங் மாணவர்களுக்கு: வாசலில் இருந்து ரெக்கார்டு வரை

ஊருக்குள் வீடு வீடாகப் போகும் கம்யூனிட்டி போஸ்டிங் தொடங்கும் வாரத்தில் ஜூனியர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, ஃபேமிலி ஃபோல்டரை ஒரே நாளில் எப்படி முடிக்கிறது?" ஒரு குடும்பத்தின் உடல்நலம், சாப்பாடு, வருமானம் எல்லாம் எழுதும் அந்தப் பதிவேடு ஒரே நாளில் முடியாது. முடித்துவிட்டால் அதில் பாதி கற்பனையாக இருக்கும்.

வார்டில் நோயாளி நம்மிடம் வருகிறார். இங்கே நாம் அவர் வீட்டுக்குப் போகிறோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான். எல்லா ப்ரொசீஜரும் தெரிந்த மாணவிகூட ஹோம் விசிட்டில் தடுமாறுவது வரிசையில்தான். எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்பது பிடிபட்டால் மற்றது வந்துவிடும்.

தமிழ்நாட்டுக் கிராமப் போஸ்டிங்கை வைத்து இதை எழுதுகிறேன். நகரத்துக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. தெருவில் இறங்கும் முன் இரண்டு இடங்கள்

முதலில் துணை சுகாதார நிலையம். சமவெளியில் ஒரு துணை நிலையத்துக்கு 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது கணக்கு. இத்தனை பேரையும் பார்ப்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஊரில் அவர்தான் நர்சம்மா. எந்த வீட்டில் கர்ப்பிணி, எங்கே போன மாதம் பிரசவம், யாருக்குச் சர்க்கரை, யார் டிபி மாத்திரையைப் பாதியில் விட்டவர் என்பதெல்லாம் அவர் பதிவேட்டிலும் அதைவிட அதிகமாக அவர் நினைவிலும் இருக்கும்.

அவரிடம் பட்டியல் வாங்கி, அதிலிருந்து வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். பலர் தெருமுனையில் தொடங்கி வரிசையாகக் கதவைத் தட்டுகிறார்கள். அப்படிப் போனால் பூட்டிய வீடும் நம் தேவையே இல்லாத வீடும்தான் அதிகம் வரும். கடைசி வாரத்தில் கேர் ப்ளான் எழுத ஆள் கிடைக்காமல் அலைவீர்கள்.

அடுத்து அங்கன்வாடி. குழந்தைகளின் எடைப் பதிவேடு அங்கே இருக்கிறது. யார் வீட்டில் எத்தனை மணிக்கு ஆள் இருக்கும் என்பதும் அங்கன்வாடி அக்காவுக்குத் தெரியும். 100 நாள் வேலை நடக்கும் வாரத்தில் காலை பத்து மணிக்குத் தெருவே காலியாக இருக்கும். ரேஷன் போடும் நாளிலும் அப்படித்தான். எந்தத் தெருவில் எந்த நாய் துரத்தும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

2. வீடுகளின் வரிசை

பட்டியல் கிடைத்ததும், பக்கத்தில் இருக்கும் வீடு முதலில் என்று போடாதீர்கள். பிறந்த குழந்தை இருக்கும் வீடு முதலில், அப்புறம் கர்ப்பிணி, அப்புறம் சர்க்கரை, பிபி வீடுகள், காய்ச்சலும் இருமலும் ஆறாத புண்ணும் இருக்கும் வீடு கடைசியில். நம் கையும் பையும் துணியும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகின்றன. சளி பிடித்தவர் இருக்கும் வீட்டில் இருந்துவிட்டு நேராகப் பச்சைக் குழந்தையைத் தூக்கக் கூடாது. இதனால் இரண்டு தெரு சுற்றி நடக்க வேண்டி வந்தாலும் நடந்துதான் ஆக வேண்டும்.

அரை நாளில் இரண்டு வீடு போதும். மூன்றாவது வீட்டில் உங்களுக்கே பொறுமை இருக்காது, அது முகத்தில் தெரியும்.

3. பையை முந்தின நாள் மாலையே அடுக்குங்கள்

கம்யூனிட்டி பேக்கில் என்னென்ன வைப்பது என்பது உங்கள் ப்ரொசீஜர் புத்தகத்திலேயே இருக்கிறது. அடுக்கும் முறைதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. முதலில் தேவைப்படுவது வெளிப் பாக்கெட்டில் இருக்க வேண்டும்: பழைய செய்தித்தாள், பிளாஸ்டிக் விரிப்பு, சோப்புப் பெட்டி, துண்டு, ஏப்ரன். கை கழுவும் முன் பையின் உள்பக்கத்தைத் தொடக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. சோப்பை உள்ளே வைத்துவிட்டு, அதை எடுக்கக் கழுவாத கையை உள்ளே விட்டால் மிச்சம் செய்வதெல்லாம் நடிப்பு.

உள்ளே சுத்தமான பொருள்கள் தனியாக, ஊசிமுனை உள்ளவை தனியாக. லான்செட் போட மூடியுள்ள கெட்டி டப்பா ஒன்று வேண்டும். விரலில் குத்திய லான்செட்டைத் தாளில் சுருட்டி அந்த வீட்டுக் குப்பையில் போட்டு வருவது மன்னிக்க முடியாத தவறு. மறுநாள் அந்தக் குப்பையைக் கிளறுவது அந்த வீட்டுக் குழந்தையாக இருக்கலாம்.

மாலையில் சரிபார்க்க வேண்டியவை: பிபி கருவியின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் காலாவதி ஆகிவிட்டதா, குழந்தை எடைத் தராசு வெறும் தூளியோடு பூஜ்யம் காட்டுகிறதா, தெர்மாமீட்டரில் பேட்டரி இருக்கிறதா. சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பெனடிக்ட் கரைசலைக் கொஞ்சம் எடுத்துத் தனியாகக் கொதிக்க வைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அந்தக் கரைசல் கெட்டுவிட்டது. அதை வைத்துச் செய்யும் சோதனை எல்லாருக்கும் சர்க்கரை என்று சொல்லும். தீப்பெட்டியை மறக்காதீர்கள். எல்லா பேட்ச்சிலும் மறப்பது அதைத்தான்.

4. வாசலில் முதல் இரண்டு நிமிடம்

இரண்டு பேருக்கு மேல் ஒரு வீட்டுக்குப் போகாதீர்கள். வெள்ளை கோட்டு போட்ட ஆறு பேர் வாசலில் நின்றால், வீட்டுக்காரர் முகம் மாறுவதற்கு முன்பே பக்கத்து வீட்டில் பேச்சு கிளம்பிவிடும்: "அந்த வீட்ல என்னவோ நோயாம்."

செருப்பைக் கழற்றுங்கள். உள்ளே எட்டிப் பார்க்காமல் வாசலில் நின்றபடி கூப்பிடுங்கள். பெயர், எந்தக் கல்லூரி, நர்சம்மா அனுப்பித்தான் வந்திருக்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும், இந்த நான்கையும் சொல்லிவிடுங்கள். கூடவே, "ஊசி எதுவும் போட மாட்டோம்மா" என்று ஒரு வார்த்தை. குழந்தை உள்ள வீட்டில் இதைச் சொல்லாவிட்டால், நீங்கள் பேசி முடிப்பதற்குள் பிள்ளை பின்வாசல் வழியாக ஓடியிருக்கும்.

நோட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்துக்கொண்டு நிற்காதீர்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்க வந்தவர்கள், உதவித்தொகையை நிறுத்தக் கணக்கெடுப்பவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த நினைப்பு வந்துவிட்டால் அப்புறம் சொல்லும் பதில் எதுவும் உண்மையாக இருக்காது. பேனா பையிலேயே இருக்கட்டும்.

வயதுக்கேற்ற முறையில் கூப்பிடுங்கள்: பாட்டி, தாத்தா, அம்மா, அக்கா. "பேஷன்ட்" என்ற சொல் வீட்டுக்குள் வரவே வேண்டாம். அவர்கள் உங்களைப் பாப்பா என்றோ கண்ணு என்றோ கூப்பிட்டால் சங்கடப்படாதீர்கள். வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

வேண்டாம் என்றால்? "சரிங்கம்மா, இன்னொரு நாள் வர்றோம்" என்று நகர்ந்துவிடுங்கள். கெஞ்சவும் வேண்டாம், அரசாங்க உத்தரவு என்று மிரட்டவும் வேண்டாம். மறுமுறை நர்சம்மாவோடு போனால் பெரும்பாலும் கதவு திறக்கும்.

5. பையை வைக்கும் இடம், கை கழுவும் வரிசை

தரையில் வைக்கக் கூடாது, கட்டிலிலும் வைக்கக் கூடாது. நாற்காலி, ஸ்டூல், திண்ணையின் ஓரம், ஏதாவது ஓர் உயரமான இடம் கேளுங்கள். செய்தித்தாளை விரித்து அதன் மேல் பை. வீட்டுக்காரர், "எங்க வீடு என்ன அவ்வளவு அழுக்கா?" என்று கேட்டால், "பைதாம்மா அழுக்கு. நாலு வீட்டுக்குப் போயிட்டு வருது" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட.

பிறகு வரிசை இது:

வாட்சையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். வெளிப் பாக்கெட்டில் இருந்து சோப்பும் துண்டும் எடுங்கள். தண்ணீர் கேட்டு வாங்கி, இன்னொருவர் ஊற்ற, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பாத்திரத்துக்குள் கையை முக்காதீர்கள். துடைத்த பின் ஏப்ரன். அதன் பிறகே பையைத் திறக்க வேண்டும். தேவையானவற்றை மொத்தமாக எடுத்து விரிப்பின் மேல் வைத்துவிட்டுப் பையை மூடிவிடுங்கள். நடுவில் ஒவ்வொன்றாக எடுக்கக் கையை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தால் பை சுத்தமாக இருக்காது.

தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊர் என்றால் ஒரு பாட்டில் தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு குடம் தண்ணீருக்காகக் காத்து நின்றவரிடம் கை கழுவ ஒரு சொம்பு கேட்பது நன்றாக இருக்காது.

கை கழுவுவதை அவர்கள் கண் முன்னால் செய்யுங்கள். அதைப் பற்றிப் பேச வேண்டாம். பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகள் நீங்கள் போன பிறகு சோப்பைத் தேடுவார்கள்.

6. கேள்விகளின் வரிசை

ஃபேமிலி ஃபோல்டரின் முதல் பக்கத்தில் தலைவர் பெயர், மதம், சாதி, வருமானம் என்று இருக்கும். அந்த வரிசையில் கேட்டால் அந்த வீட்டோடு உறவு முடிந்தது. படிவத்தின் வரிசை பார்ப்பவரின் வசதிக்காகப் போட்டது. பேச்சுக்கு அது சரிப்படாது.

உடம்பில் தொடங்குங்கள். "வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்க? யாராவது மாத்திரை சாப்பிடுறாங்களா?" இதற்கு வரும் பதிலிலேயே பாதிக் குடும்பம் வந்துவிடும். மகன் திருப்பூரில், மருமகள் பிறந்த வீட்டில், தாத்தாவுக்குக் காலில் புண். பிறகு குழந்தைகள், தடுப்பூசி, சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை. வருமானம் கடைசி, முதல் நாளில் கேட்காமலே விட்டாலும் குற்றமில்லை.

வருமானத்தை நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். வேலைக்கு ஒரு நாள் கூலி என்ன, மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது, மாடு இருந்தால் பால் எத்தனை லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டு நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். குடும்பத்தின் பொருளாதார நிலையை வகைப்படுத்தும் பிரசாத் அளவுகோலுக்குத் தேவை தலைக்கு மாத வருமானம், அதாவது குடும்ப வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தது. நகரத்தில் குப்புசாமி அளவுகோல் என்றால் குடும்பத் தலைவரின் படிப்பும் தொழிலும் சேர்த்து வேண்டும். எதைப் பயன்படுத்தினாலும் அந்த ஆண்டுக்கான திருத்திய ரூபாய் எல்லைகளைப் பாருங்கள். சீனியர் ரெக்கார்டில் இருந்து பழைய எல்லையை அப்படியே எழுதுவது ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்.

கேட்க வேண்டாதவற்றைக் கண் பார்த்துக்கொள்ளட்டும். ஜன்னல் எத்தனை, அடுப்பு விறகா கேஸா, குடிதண்ணீர்க் குடம் மூடியிருக்கிறதா, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர்த் தட்டு இருக்கிறதா. டிரம்மில் புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், ஆனால் அனுமதி கேட்டுவிட்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரைக் கொட்டச் சொல்லிவிட்டுத் தேய்ப்பதைச் சொல்லாமல் வருபவர்கள்தான் அதிகம்.

7. அளவெடுப்பது

பிபியைப் பாருங்கள். திண்ணையில் ஒரு பாட்டி. இப்போதுதான் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். வாயில் வெற்றிலையும் புகையிலையும். கால் தொங்குகிறது, முதுகுக்குச் சாய்மானம் இல்லை. நீங்கள் கஃப் கட்டியதும் மகனைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். இந்த நிலையில் 160 வந்தால் அது பாட்டியின் பிபி என்று சொல்ல முடியாது.

புகையிலையைத் துப்பச் சொல்லி, சுவரில் சாய்த்து, கால் தரையில் படும்படி உட்காரவைத்து, ஐந்து நிமிடம் விடுங்கள். புகையிலையோ காபியோ ஆகி அரை மணி நேரம் ஆகியிருந்தால்தான் அளவு சரியாக வரும். அதுவரை மற்றவர்களிடம் பேசலாம். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, கீழே மடித்த துண்டோ தலையணையோ வையுங்கள். இறுக்கமான ரவிக்கைக் கையின் மேல் கஃப் கட்டாதீர்கள். அளக்கும்போது நீங்களும் பேசாதீர்கள், அவரையும் பேசவிடாதீர்கள். ஓரிரு நிமிடம் விட்டு இன்னொரு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள்.

சிறுநீர்ச் சோதனைக்கு இப்போது பல இடங்களில் ஸ்ட்ரிப் வந்துவிட்டது. ஆனால் ப்ராக்டிகலுக்கு ஸ்பிரிட் விளக்குதான் கேட்பார்கள். ஓலைக் கூரைக்கு அடியில் விளக்கை ஏற்றாதீர்கள். வெளியே, காற்று மறைவான இடம் பாருங்கள். டெஸ்ட் டியூபில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல், கொதிக்க வைத்து நீலம் மாறவில்லை என்று உறுதி செய்த பின் 8 சொட்டுச் சிறுநீர், மீண்டும் கொதி, ஆறவிடு. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று கூடிக்கொண்டே போகும். டியூபின் வாய் யார் பக்கமும் இருக்கக் கூடாது, கொதி தெறிக்கும்.

இதற்குள் தெருக் குழந்தைகள் எல்லாம் கூடியிருப்பார்கள். நிறம் மாறியதும் "நாலு ப்ளஸ்!" என்று பார்ட்னரிடம் கத்தாதீர்கள். நோட்டில் எழுதி, கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் மட்டும் சொல்லுங்கள். இன்னொன்று: சிறுநீரில் சர்க்கரை இல்லை என்றால் ரத்தத்திலும் இல்லை என்று ஆகாது. ரத்தத்தில் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு நோய் இல்லாமலும் இறங்கலாம். எனவே "சர்க்கரை இல்லை" என்று சான்றிதழ் கொடுக்காதீர்கள், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

குழந்தைகளுக்கு: ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருந்தால் மேல்கைச் சுற்றளவு. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே கடும் ஊட்டச்சத்துக் குறைவு, 11.5 முதல் 12.5க்குள் மிதமானது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு அளவெடுங்கள். கண்மதிப்பில் கட்டினால் அரை சென்டிமீட்டர் எளிதில் மாறும், அந்த அரையில் டேப் காட்டும் நிறமே மாறிவிடும். டேப்பை இறுக்காதீர்கள். மூச்சு எண்ணுவது எல்லாவற்றுக்கும் முதலில், குழந்தை அமைதியாக இருக்கும்போது, முழு ஒரு நிமிடம். எடை போட்டு அழவைத்துவிட்டு எண்ணுவதில் பயனில்லை. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணை எட்டினாலே வேகமான மூச்சு.

8. கர்ப்பிணி இருக்கும் வீடு

தாய் சேய் நல அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் உள்ளதை மறுபடி கேட்டு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கடைசி மாதவிலக்கு தேதியில்தான் தவறு அதிகம். "எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" என்று கேட்டால், விலக்கு முடிந்து குளித்த நாளைச் சொல்வார்கள். நமக்கு வேண்டியது உதிரப்போக்கு தொடங்கிய முதல் நாள். "ஆடிப்பெருக்கு அன்னிக்கு" என்று பதில் வந்தால் சுவரில் இருக்கும் தினக்காட்டியைப் பார்த்து ஆங்கிலத் தேதியாக மாற்றுங்கள். ஆகஸ்ட் 3 என்றால் ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டி மே 10.

இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். அட்டையைக் காட்டச் சொல்லி எண்ணிப் பாருங்கள். மீதி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குமட்டல், மலம் கருப்பாகப் போகிறது, குழந்தை கருப்பாகப் பிறந்துவிடும் என்று மாமியார் சொன்னது, இவற்றில் ஏதாவது ஒன்று வரும். காரணம் தெரியாமல் "தினமும் சாப்பிடணும்" என்று சொல்வது வீண். மலம் கருப்பாவது இரும்பினால்தான், குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை மாமியாரையும் உட்காரவைத்துச் சொன்னால்தான் மாத்திரை உள்ளே போகும். காபி, டீயோடு வேண்டாம். கால்சியம் மாத்திரையோடும் சேர்க்க வேண்டாம், வேறு வேளையில் போடட்டும்.

ஆணா பெண்ணா என்ற பேச்சை யார் எடுத்தாலும் வயிற்றைப் பார்த்து விளையாட்டுக்குக்கூட எதுவும் சொல்லாதீர்கள்.

9. பச்சைக் குழந்தை இருக்கும் வீடு

இங்கே நிதானம் அதிகம் வேண்டும். புண்ணியதானம் முடியும் வரை வெளியாள் உள்ளே வரக் கூடாது என்று சொல்லும் வீடுகள் உண்டு. தகராறு செய்யாமல், தாயையும் குழந்தையையும் முன் அறைக்கு அழைத்து வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டில் பார்க்க வேண்டும் என்பது அட்டவணை. உங்கள் விசிட் அதில் எந்த நாளுக்கு அருகில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

"கொழுகொழுன்னு இருக்கானே" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். எடை போட்டதும் எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். கண்ணேறு பயம் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். சாயங்காலம் குழந்தை வழக்கம்போல அழுதாலும் காரணம் நீங்கள்தான், மறுமுறை கதவு திறக்காது.

தாயின் மடியில் வைத்தே பாருங்கள். மூச்சு எண்ணுவது, தொப்புள், கண், தோல் நிறம், பால் குடிக்கும் விதம், கடைசியில் எடை. பால் குடிப்பதைக் கண்ணால் பார்க்காமல் "நல்லா குடிக்குது" என்ற பதிலை எழுதாதீர்கள். தொப்புளில் எதுவும் தடவக் கூடாது, உலர்ந்து இருந்தால் போதும்.

சேனை வைத்தது, உரை மருந்து, கண்ணுக்குள் மை, மூக்கில் எண்ணெய். எல்லாம் ஒரே வீட்டில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கண்டித்தால் அந்தப் பாட்டி உங்களை எதிரியாக்கிக்கொள்வார். கேடு எதில் அதிகமோ அதை முதலில் எடுங்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போகும், உரை மருந்தும் தண்ணீரும் தாய்ப்பாலைக் குறைக்கும், தொற்றையும் கொண்டு வரும். கண்ணுக்குள் மையைப் பற்றி அடுத்த முறை பேசலாம். நெற்றியிலும் கன்னத்திலும் வைக்கும் பொட்டு இருந்துவிட்டுப் போகட்டும்.

10. அறிவுரை: ஒரு விசிட்டுக்கு ஒன்று

ஹெல்த் டாக் என்றால் சார்ட் விரித்து அரை மணி நேரம் பேச வேண்டும் என்று நினைக்கிறார்கள். கேட்டுவிட்டு எல்லாரும் தலையாட்டுவார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் அந்த வீட்டில் இருக்கும் பொருளை வைத்துச் சொல்லுங்கள்.

பிபிக்காரரிடம் "உப்பைக் குறைங்க" என்று சொன்னால் குழம்பில் ஒரு சிட்டிகை குறைப்பார். காலையில் பழைய சோற்றுக்கு என்ன தொட்டுக்கொள்கிறார் என்று கேளுங்கள். ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு. உப்பு அங்கேதான் இருக்கிறது.

மாத்திரையும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக பிபி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் தலை சுற்றும் நாளில் மட்டும் பிபி மாத்திரை போடுபவர்கள் நிறைய. கொடுத்த தேதியைப் பார்த்து, மீதி மாத்திரையை எண்ணினால் யாரையும் குற்றம் சொல்லாமலே விஷயம் தெரிந்துவிடும்.

ஓ.ஆர்.எஸ். என்றால் கலக்கிக் காட்டுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுவதும் ஒரு லிட்டரில் கொட்ட வேண்டும். பாக்கெட்டில் இருந்து கிள்ளிக் கிள்ளி டம்ளரில் போடும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அப்படிப் போட்டால் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேராது. அந்த வீட்டுச் சொம்பில் ஒரு லிட்டர் எதுவரை வருகிறது என்று பாட்டிலில் அளந்து ஊற்றிக் காட்டிவிட்டால் நீங்கள் இல்லாதபோதும் சரியாகச் செய்வார்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "நாளைக்கு எப்படிச் செய்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள்.

11. இதைக் கண்டால் மற்றதெல்லாம் நிறுத்தம்

கர்ப்பிணிக்கு 140/90 அல்லது அதற்கு மேல், கூடவே தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி, உதிரப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, குழந்தை அசைவு குறைவு. பச்சைக் குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, வலிப்பு, மூச்சு 60ஐ எட்டுவது, விலா உள்வாங்குவது, காய்ச்சல் அல்லது உடல் சில்லிடுவது, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஃபோல்டரை மூடிவிட்டு நர்சம்மாவுக்கும் உங்கள் மேடத்துக்கும் போன், தேவையானால் நேராக 108. ஆம்புலன்ஸ் வரும் வரை ஒருவர் அங்கேயே இருங்கள்.

சர்க்கரைக்கு ஊசி போடுபவர் வியர்த்து நடுங்கினால் நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மாத்திரை மாற்றுவது, அளவைக் கூட்டுவது நம் வேலை இல்லை. "நீங்களே ஒரு மாத்திரை சொல்லுங்க சிஸ்டர்" என்று வற்புறுத்துவார்கள். சொல்லாதீர்கள்.

வீட்டில் அடி விழுவது தெரிந்தால் கணவர் முன் விசாரிக்காதீர்கள். அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்க்கும் சமயத்தில் பெண்கள் உதவி எண் 181ஐச் சொல்லுங்கள். குழந்தை என்றால் 1098. இரண்டையும் ஆசிரியருக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். குடித்துவிட்டு ஒருவர் வம்பு செய்தால் பையைக்கூட அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், முதலில் வெளியே வாருங்கள்.

12. கிளம்புவதும் எழுதுவதும்

பயன்படுத்திய கருவிகளைத் துடைத்த பின்தான் பைக்குள் வைக்க வேண்டும். மறுபடி கை கழுவல். ஏப்ரனை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி மடியுங்கள். விரித்த செய்தித்தாளையும் கீழே பட்டிருந்த பக்கம் உள்ளே வரும்படி மடித்துக் கையோடு எடுத்துவாருங்கள்.

காபி கொடுப்பார்கள். பல கல்லூரிகளில் எதுவும் வாங்கக் கூடாது என்று விதி. என் கருத்தில், வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வதைவிட, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பது நல்லது. சில தெருக்களில் நீங்கள் தண்ணீர் குடிக்கிறீர்களா இல்லையா என்று கவனிப்பார்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

எண்களை வீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள், விவரங்களைத் தெரு தாண்டியதும் எழுதுங்கள். ஹாஸ்டலுக்குப் போய் இரவு எழுதினால் இரண்டு வீட்டுப் பாட்டிகளின் பிபி இடம் மாறிவிடும். அளக்காததை எழுதாதீர்கள், ஒரு தெருவில் எல்லாருக்கும் 120/80 இருந்தால் எந்த ஆசிரியரும் நம்ப மாட்டார். வீட்டுக்குள் போட்டோ எடுப்பது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவது கூடவே கூடாது. ரெக்கார்டுக்குப் படம் தேவை என்றால் எழுதிக் கேட்டு, முகம் தெரியாமல்.

13. இரண்டாவது விசிட்

முதல் விசிட் அறிமுகம்தான். உண்மையான விஷயங்கள் இரண்டாவதில்தான் வெளியே வரும். தாத்தாவின் புண்ணை முதல் நாள் மறைத்தவர்கள் இம்முறை தாங்களே கட்டை அவிழ்த்துக் காட்டுவார்கள். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் போங்கள். வர முடியாவிட்டால் அங்கன்வாடி அக்கா மூலமாகவாவது சொல்லி அனுப்புங்கள்.

போனதும் போன முறை சொன்ன ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். செய்யவில்லை என்றால் திட்டாமல், எது தடுத்தது என்று கேளுங்கள். காலைக் கழுவித் தினமும் பார்க்கச் சொன்ன சர்க்கரைக்காரருக்குக் குனிய முடியவில்லை, உள்ளங்கால் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அப்போதுதான் தெரியும். பேத்தியிடம் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்துக் காலுக்கு அடியில் பிடிக்கச் சொன்னால் வேலை முடிந்தது.

போஸ்டிங் முடியும் வாரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இனி வர மாட்டோம் என்பதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் சொந்த போன் எண்ணைக் கொடுக்க வேண்டாம். நர்சம்மாவின் எண்ணையும் ஆம்புலன்ஸுக்கான 108, மருத்துவ ஆலோசனைக்கான 104 இரண்டையும் தினக்காட்டி அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். கவனிக்க வேண்டிய வீடுகளைத் தனித் தாளில் எழுதி, யாருக்கு என்ன, எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று குறித்து நர்சம்மாவிடம் நேரில் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் ரெக்கார்டு கல்லூரி அலமாரிக்குப் போய்விடும். அவர் கையில் இருக்கப் போவது அந்தத் தாள் மட்டும்தான்.